வளையலுக்குள் இருந்த கை

நீ செத்துப்போய்விட்டாய் என்று ஜெபக்கனிக்கு முதன்முதலில் சொன்னவள் இசக்கிதான்; நேற்று, வியாழக்கிழமை, மத்தியானச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது உருண்டைக்கும் நாலாவது உருண்டைக்கும் நடுவில். வாயால் சொல்லவில்லை. இசக்கிக்கு வாயில் பேச்சு கிடையாது, காதில் சத்தம் கிடையாது, கண்ணில் வெளிச்சம் கிடையாது, பிறந்ததிலிருந்தே அப்படித்தான். முப்பத்து மூன்று வயதில் அவளுக்கு உலகம் என்று இருப்பது இரண்டு உள்ளங்கை. அந்த உள்ளங்கையில் தொட்டும் தட்டியும் தேய்த்தும்தான் அவளோடு பேச வேண்டும், அவளும் நம் கையில் அப்படித்தான் பேசுவாள். நேற்று வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டு, ஜெபக்கனியின் இடது கையைத் தேடிப் பிடித்து, தன் மணிக்கட்டைச் சுற்றி அவள் விரலை வைத்தே ஒரு வட்டம் போட்டாள். கம்பளி நூல் என்று அர்த்தம். கம்பளி நூல் என்றால் ஜெபக்கனி. பிறகு உள்ளங்கையில் நீளமாக நாலு பக்கம் கோடு இழுத்து ஒரு பெட்டி. பிறகு மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனி வரைக்கும், சாப்பிட்ட தட்டை வழித்துவிடுகிற மாதிரி ஒரே ஒரு வழிப்பு. முடிந்தது. கம்பளி நூல், பெட்டி, முடிந்தது. சொல்லிவிட்டு, பாவம், ஆறுதலாகப் புறங்கையில் மூன்று தட்டுத் தட்டினாள். ஜெபக்கனி செத்ததற்கு ஜெபக்கனியிடமே துக்கம் கேட்டாள். ஏனென்றால் அந்தக் கையில் நூல் இல்லை. அந்தக் கையில் மேபல் டீச்சருடைய வளையல் இருந்தது. அந்த வளையல் இருக்கிற கை மேபல் டீச்சர் கை, இசக்கிக்கு அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. மேபல் டீச்சரை அடக்கம் பண்ணி நேற்றோடு முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை. விடுதியின் கடைசி அறை இசக்கியுடையது, அதற்கு எதிரே மாடிக்குப் போகிற படிக்கட்டு, அதில் மூன்றாம் படியில் ஜெபக்கனி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சோற்றுத் தட்டு, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடியிருக்கிறது. சாம்பார் சோறும் முட்டைக்கோசுப் பொரியலும். பன்னிரண்டரைக்கு மணி அடிப்பார்கள், மணி அடித்த பிறகுதான் உள்ளே போக வேண்டும், முந்தியும் கூடாது பிந்தியும் கூடாது, நேரம் தவறினால் அந்தப் பிள்ளைக்குப் பயம் வந்துவிடும் என்று டீச்சர் போட்ட சட்டம். இப்போது மணி பன்னிரண்டு ஐந்து. இடது கையில் வளையல். முந்தானை முடிச்சுக்குள் கம்பளி நூல், இன்று காலையில்தான் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து முடிந்துகொண்டு வந்தாள். எதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவது? வளையலோடு போனால் டீச்சர் இருப்பார், இசக்கி சாப்பிடுவாள், ஜெபக்கனி பெட்டிக்குள் கிடப்பாள். நூலோடு போனால் ஜெபக்கனி பிழைப்பாள், டீச்சர் சாவார், அந்தப் பிள்ளை திரும்பவும் வாயை இறுக மூடிக்கொள்ளும், மூன்று நாள் பச்சைத் தண்ணீர் இறங்காமல் கிடந்ததே அது மாதிரி. ஒன்று கழற்றினால் அவர், ஒன்று போட்டால் நான். கர்த்தாவே, இப்படி ஒரு கணக்கை யார் கையில் கொடுப்பீர்? ஒரு மணிக்குள் டீச்சருடைய பேத்தி ஷெரின் வேறு வளையலை வாங்க வருவாள், இரண்டு மணிக்கு அவளுக்கு ரயில். கொடுக்க முடியாது என்றால் இன்றோடு போகாது, நாளைக்கும் அடுத்த வருஷமும் ஜெபக்கனி டீச்சராகவே இந்த அறைக்குள் போய்வர வேண்டும், எத்தனை வருஷம், இசக்கிக்கு அறுபது வயதாகும் வரைக்குமா, அதற்குள் தனக்கு எண்பத்தாறு ஆகிவிடும், டீச்சர் அந்த வயது வரைக்கும் இருந்ததே இல்லையே. ஜெபக்கனி தன் முழங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து எத்தனை தடவை கிள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது, அந்த இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் இரண்டு பேர், திருப்பூரில் மகன், நாகர்கோவிலில் மகள், இரண்டு பேருக்கும் நேற்றே போன் போட்டாள். சும்மாதான், குரலைக் கேட்கலாம்னு என்றாள். மகன், "என்னம்மா, உங்க சத்தம் ஒரு மாதிரி இருக்கே, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி" என்றான். டவர் இல்லாமல் இருந்திருக்கும். டவர்தான்.

மேபல் டீச்சர் இருபத்திரண்டு வயதில், கண்ணும் காதும் இல்லாத பிள்ளைகளுக்கான இந்த இல்லத்துக்கு வந்தவர். புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்தவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள், அந்த மகளுக்கு ஒரே மகள் ஷெரின். ஐம்பத்தெட்டில் ரிட்டையர் ஆகி மாலை எல்லாம் போட்டு அனுப்பினார்கள், மறுநாள் காலை எட்டேகாலுக்கு அதே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். "மாலை போட்டது வாத்தியாருக்குத்தானே ஜெபா, எனக்கில்லையே" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் சம்பளம் இல்லாமல், ஒரு நாள் விடாமல். ஜெபக்கனி இங்கே ஆயாவாகச் சேர்ந்த வருஷம்தான் இசக்கியும் வந்தாள். ஆறு வயது. அவள் அப்பன் இடுப்பில் கயிறு கட்டிக் கூட்டிவந்தான். "கடிக்கும் டீச்சர், கிட்டப் போவாதீங்க" என்றான், நாயைச் சொல்கிற மாதிரி. டீச்சர் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். கடித்தது. இடது மணிக்கட்டில் இரத்தம் வந்தது, நாலு பல் பதிந்தது. டீச்சர் கையை இழுக்கவில்லை. ஜெபக்கனிக்கு அது இன்னும் கண்ணில் நிற்கிறது, இழுக்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வடிகிறது, கை மட்டும் அங்கேயே இருக்கிறது. பதினோரு நாள் அப்படியே தரையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தார், பன்னிரண்டாம் நாள் அந்தப் பிள்ளை கடிக்காமல் மோந்து பார்த்துவிட்டு, தழும்பைத் தடவிவிட்டு, மடியில் படுத்துவிட்டது. அப்புறம்தான் தழும்புக்கு மேலே ஒரு செம்பு வளையல் போட்டு, அதில் அரத்தால் மூன்று வெட்டு வைத்துக்கொண்டார். தடவினால் மூன்று பள்ளம் தெரியும். மூன்று பள்ளம் என்றால் டீச்சர். இங்கே எல்லோருக்கும் அப்படி ஒன்று உண்டு, வார்டனுக்குக் கைக்கடிகாரம், ஜெபக்கனிக்குக் கம்பளி நூல். கண்ணும் காதும் இல்லாத பிள்ளை கிட்டே யார் போனாலும் முதலில் அதைத் தொடக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அடையாளத்தை ஒருநாளும் மாற்றக் கூடாது, ஒருத்தர் அடையாளத்தை ஒருத்தர் போடவே கூடாது. "நமக்கு அது வளையலு, நூலு. அதுக்கு அதுதான் நம்ம மூஞ்சி. நீ என் மூஞ்சியைப் போட்டுக்கிட்டுத் திரிவியா ஜெபா?" என்று கேட்டார் ஒரு தடவை. திரியமாட்டேன் டீச்சர் என்று இவளும் சொன்னாள். சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா? தலையைத்தான் ஆட்டினாள் என்று நினைவு. ஆட்டினால் சொன்ன மாதிரி ஆகுமா?

கையுறையில் வந்து நிற்கிறது நினைப்பு. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிப் புடவை கட்டி, தோளில் ஊக்கைக் குத்தக் கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். செய்தி வந்ததும் ஜெபக்கனிதான் ஓடினாள். குளிப்பாட்டியது அவள். நனைந்துவிடும் என்று தன் கம்பளி நூலைக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தாள். வெள்ளைப் புடவை, வெள்ளைக் காலுறை, தலையில் வெள்ளைப் பூமுடி, எங்கள் ஜனங்கள் வழக்கம் அது, பெட்டியில் வைக்கும்போது நகை நட்டு ஒன்றும் இருக்கக் கூடாது, கைக்கு வெள்ளைக் கையுறை போட வேண்டும். வளையல் வரவில்லை. சோப்புப் போட்டு, விரலை ஒன்றாகக் குவித்து, டீச்சர் கொஞ்சம் விட்டுக்கொடுங்க டீச்சர் என்று சத்தமாகவே சொல்லி உருவினாள். வந்துவிட்டது. கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்தாள். பிறகு கையுறையை மாட்டினாள், ஒவ்வொரு விரலாக. யார் மாட்டியது? ஜெபக்கனி மாட்டியது. இருபத்தேழு வருஷம் அந்தக் கை எப்படிப் பேசும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் மாட்டியது. மூன்று மணிக்கு இசக்கியை வார்டன் கூட்டிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தொடட்டும், தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்று எல்லோரும் நல்ல எண்ணத்தோடு வழிவிட்டார்கள். இசக்கி பெட்டியின் ஓரத்தைத் தடவினாள், நீளத்தைத் தடவினாள், பூவைத் தடவினாள், கையைக் கண்டுபிடித்தாள். துணி. துணிக்குள்ளே கட்டையாக ஏதோ. மணிக்கட்டுக்குப் போனாள், துணி. மூன்று பள்ளம் இல்லை, தழும்பு இல்லை. சென்ட் வாசம், ரோஜாப்பூ வாசம். வார்டன் கையைப் பிடித்து, யார் என்று கேட்டாள். யார்? யார்? வார்டன் அழுதுகொண்டே முடிந்தது, முடிந்தது என்று வழித்துக் காட்டினார். யார் என்று சொல்ல அந்த அம்மாவுக்குக் கை வரவில்லை. ஜெபக்கனி பெட்டிக்கு மறுபக்கம் நின்றாள். ஒரு எட்டு எடுத்து வைத்துக் கையுறையை உருவியிருக்கலாம். ரவிக்கைக்குள் வளையல் குத்திக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம். சபை ஐயர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். ஜெபத்துக்கு நடுவில் நடப்பது மரியாதை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு ஜெபம் முடிகிற நேரம். அதற்குள் இசக்கியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று நாள் சாப்பிடவில்லை. டீச்சர் வரவில்லை, டீச்சர் வரவில்லை என்று சுவரில் எழுதினாள், தலையணையில் எழுதினாள். வார்டன் குளுக்கோஸ் ஏற்ற ஆள் பார்க்கப் போனார். அடக்க வீட்டு வேலை எல்லாம் முடித்து ஜெபக்கனி திரும்பி வந்தது அன்றைக்குத்தான், ஒரு தடவை, ஒரே ஒரு வேளை என்று சொல்லிக்கொண்டு வளையலை மாட்டினாள். சோப்பே தேவைப்படவில்லை. வழுக்கிக்கொண்டு ஏறியது, அளவெடுத்துச் செய்த மாதிரி. இசக்கி மூன்று பள்ளத்தைத் தடவினாள். அவள் முகம் இருந்ததே, அப்பா, அதைப் பார்த்த பிறகு கழற்றுவதற்கு மனுஷியால் முடியுமா? சோறு முழுவதும் தின்றாள். தானாக எடுத்துத் தின்னப் பத்து வருஷம் பழக்கிய பிள்ளை, ஊட்டித்தான் தின்றாள், டீச்சர் பார்த்தால் வைவார். எந்த டீச்சர் பார்த்தால்? மறுநாள் தழும்பு இல்லையே என்று பயந்து தழும்பு இருக்க வேண்டிய இடம் மறைகிற மாதிரி வளையலைத் தள்ளிக்கொண்டாள். அதற்கு மறுநாள் டீச்சர் தேய்க்கிற யூகலிப்டஸ் தைலத்தை வாங்கிக் கையில் தேய்த்தாள். டீச்சர் மகள் கொடுத்த, டீச்சருடைய பழைய பருத்திப் புடவையைக் கட்டினாள். ஒன்று செய்தால் இன்னொன்று செய்ய வேண்டியிருந்தது. முதல் வாரம் இசக்கி நூல் எங்கே என்று கேட்பாள், மணிக்கட்டில் வட்டம் போட்டுக் கேட்பாள். அப்புறம், அப்புறம் என்று ஜெபக்கனி தட்டிக்கொடுத்தாள். டீச்சர் அந்தப் பிள்ளைகிட்டே ஒரு பொய் சொன்னதில்லை. கசப்பு மருந்தைக் கூடக் கசப்பு என்று சொல்லித்தான் கொடுப்பார். இரண்டாம் வாரத்திலிருந்து இசக்கி நூலைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று ஜெபக்கனிக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. இசக்கி கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பெட்டிக்குள் ஒரு ஆள் இருந்தது, டீச்சர் வந்துவிட்டார், நூல் வரவே இல்லை. அப்படியானால் பெட்டிக்குள் இருந்தது யார்? கண்ணுள்ளவர்கள் யாராவது இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் போடுவார்களா? இல்லை, ஒருவேளை எல்லாம் தெரிந்துகொண்டுதான் சொன்னாளோ? உன் வாசம் தைலத்துக்குள்ளே எனக்குத் தெரியாதா, உன்னை நீயே பெட்டியில் வைத்துவிட்டாயே என்று சொன்னாளோ? போன வாரம் செவ்வாய்க்கிழமை ஜெபக்கனிக்குக் காய்ச்சல், வரவில்லை. புதன்கிழமை வந்தபோது வார்டன், "நேத்து தானாவே சாப்பிட்டுட்டாக்கா, தட்டுல ஒரு பருக்கை இல்லை. கையை நீட்டிக்கிட்டே இருந்தா, யார்கிட்டயோ பேசுற மாதிரி" என்றார். ஜெபக்கனி உள்ளே போனதும் இசக்கி வளையலைத் தடவிவிட்டு, உள்ளங்கையில் சொன்னது: நேற்று, உன் கை, குளிர். நேற்று எந்தக் கை? காய்ச்சல்காரி வீட்டில் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தாள். சும்மா உளறியிருப்பாள். கையால் உளறுவார்களா? தெரியவில்லை. மணி பன்னிரண்டு பத்தொன்பது. தட்டு மடியில் இன்னும் சுடுகிறது, சுடுவது தெரிகிறது, அது நல்லதுதான்.

ஷெரின் காலையில் பத்து மணிக்கே வந்துவிட்டாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, வெட்டிய முடி, ஆச்சி செத்த அன்றைக்கு அழாமல் கல்லு மாதிரி நின்ற பிள்ளை. ஜெபக்கனி முந்தானையை இழுத்து இடது கையை மூடிக்கொண்டாள். "ஆயாம்மா, ஆச்சி வளையல் உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அது மட்டும் போதும்" என்றாள். "இருக்கு பாப்பா, தாரேன், தாரேன்" என்றாள் இவள். "சின்ன வயசுல எனக்கு அந்த இசக்கியைக் கண்டாலே ஆகாது தெரியுமா? லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்தா அவளும் அங்க இருப்பா. ஆச்சி மடியில பாதி அவளுக்கு, பாதி எனக்கு. நான் ஒருநாள் அவ கையைக் கிள்ளிட்டேன். அவ என்ன பண்ணுனா தெரியுமா, கிள்ளுன கையைப் பிடிச்சு மோந்து பார்த்துட்டு, மூணு தட்டுத் தட்டுனா. எனக்கு அசிங்கமாப் போச்சு." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு ஆயாம்மா, உங்களுக்குத் தெரியாது. மத்தியானம் என்னைப் பக்கத்துல போட்டுத் தூங்குவாங்கல்ல, தூக்கத்துலயே என் உள்ளங்கையில எழுதிக்கிட்டே இருப்பாங்க. அவளுக்கு எழுதுறதை எனக்கு எழுதுறாங்கன்னு கோவமா வரும். ஆனா அந்த விரல் நின்னுட்டா எனக்குத் தூக்கம் கலைஞ்சிரும்" என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்து சாப்பிட்டுப் படுத்த ஜெபக்கனியை அவள் வீட்டுக்காரர் உலுக்கி எழுப்பினார். "ஏட்டி, தூக்கத்துல என் கையில என்னத்தட்டி கிறுக்குத? கோழி கிளறுன மாதிரி. உன் கை ஏன் இப்பிடி ஐஸா இருக்கு?" கனவு கண்டிருப்பேன் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். டீச்சருக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்தது அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது, இன்று காலைதான் தெரியும். முந்தானை நழுவிவிட்டது. ஷெரின் வளையலைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், அது அவள் ஆச்சி புடவை. கோபப்படுவாள் என்று நினைத்தாள் ஜெபக்கனி. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், கையுறையிலிருந்து நேற்றைய மூன்றாவது உருண்டை வரைக்கும். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை தோள் பையை இறக்கிக் கீழே வைத்தாள். "ஆயாம்மா, எனக்கு அந்த வளையல் கிடைக்காட்டாலும் பரவாயில்லை. ஆனா ஆச்சி செத்துட்டாங்கன்னு தெரியாம ஒருத்தி இருக்கான்னா, ஆச்சியைச் சரியா அடக்கமே பண்ணலையே. எனக்கே இப்ப, ஆச்சி உள்ள இருக்காங்களோன்னு இருக்கு" என்று அந்தக் கடைசி அறையைப் பார்த்தாள். "ஒரு மணி வரைக்கும் வாசல் கேட்டுப் பக்கத்துல இருக்கேன். நீங்க என்ன பண்ணினாலும் சரி." பிறகு கொஞ்ச தூரம் போனவள் திரும்பி, "எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள். எப்படிச் சொல்லுவேன்? இருபத்தைந்து நிமிஷமும் போய்விட்டது, எப்படி என்பதை நினைக்கவே இல்லை.

மணி அடித்தது. ஜெபக்கனி தட்டைப் படியில் வைத்துவிட்டு வளையலை இழுத்தாள். வரவில்லை. வழுக்கிக்கொண்டு ஏறினது வரவில்லை. கை வீங்கிப் போயிருக்கும், வெயில் காலம். விரலை ஒன்றாகக் குவித்தாள், எலும்பில் இடித்தது, தோல் சிவந்தது. டீச்சர், கொஞ்சம் விட்டுக்கொடுங்க டீச்சர் என்று வாய் தானாகச் சொன்னது, சொன்ன பிறகுதான் இது அன்றைக்குச் சொன்ன சொல் என்று உடம்பெல்லாம் ஒரு கூசு கூசியது. யார் கையிலிருந்து யார் உருவுவது? சாம்பாரைத் தொட்டு மணிக்கட்டில் தடவினாள், தோல் உரிந்தாலும் உரியட்டும் என்று ஒரே இழுப்பு. வந்தது. கழுவித் துடைத்து வளையலை வலது கைக்குள் பொத்திக்கொண்டாள், நூலைப் பல்லால் இழுத்து இடது கையில் கட்டினாள், கட்ட வராமல் இரண்டு தடவை அவிழ்ந்தது. தட்டை எடுத்துப்போய் அறைக்குள் கதவோரம் வைத்தாள். உள்ளே இசக்கி கட்டில் ஓரத்தில், எப்போதும் போல, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெபக்கனி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, இடது கையை அந்த விரலுக்குக் கீழே மெதுவாகக் கொண்டு போய் வைத்தாள். நூல் தட்டுப்பட்டது. இசக்கியின் விரல் அப்படியே நின்றது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள், தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஆறு வயதில் வந்த சத்தம். பெட்டிக்குள்ளே போனவள் வந்து தரையில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? ஜெபக்கனி கையை இழுக்கவில்லை. கை அங்கேயே இருந்தது. கடித்தாலும் சரி என்று இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு விரல் வந்தது. நூலைத் தொட்டது, நூலுக்குக் கீழே சிவந்து எரிகிற தோலைத் தொட்டது, நரம்பைத் தேடி அமுக்கிப் பிடித்தது. பெட்டி? என்று கேட்டாள். இல்லை என்றாள் ஜெபக்கனி. பெட்டிக்குள்ளே நூல் இல்லை. அப்போது வலது கையைத் திறந்து வளையலை எடுத்து இசக்கியின் உள்ளங்கையில் வைத்தாள். மூன்று பள்ளத்தைத் தடவினாள் இசக்கி, முகம் மலர்ந்தது, வளையலுக்குள் இருக்கிற கையைப் பிடிக்க விரலை விட்டாள். விரல் மறுபக்கம் வெளியே வந்தது. திரும்ப விட்டாள். வெளியே வந்தது. வளையலைத் திருப்பித் திருப்பி, உள்ளுக்குள்ளே, மேலே, கீழே, காற்றில் கை எட்டுகிற வரைக்கும் தேடினாள். டீச்சர்? ஜெபக்கனி அவள் கையைத் தன் கைமேல் ஏந்திக்கொண்டாள். வழிக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரே ஒரு வழிப்பு. சோறு முடிந்தது, குளியல் முடிந்தது, பாடம் முடிந்தது என்று ஆயிரம் தடவை வழித்த வழிப்பு. கை நகரவில்லை. கர்த்தாவே, இது யார் கை என்று தெரியவில்லை, என் கைதான் என்றால் நகர்த்தும். நகர்ந்தது. டீச்சர், பெட்டி, முடிந்தது. டீச்சர், முடிந்தது. இசக்கி அசையவில்லை. வெயில் தரையில் ஒரு விரக்கடை தள்ளிப் போகிற வரைக்கும் அசையவில்லை. பிறகு வளையலை மடியில் வைத்துவிட்டு, ஜெபக்கனியின் மணிக்கட்டைப் பிடித்து நூலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள், உள்ளங்கையை விரித்தாள், வழிக்கப் போகிற மாதிரி விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, வழிக்காமல், காத்திருந்தாள். நீ? யூகலிப்டஸ் வாசம் எங்கிருந்தோ கிளம்பி நெருக்கமாக வந்து நின்றது. கழுவின கைதான், தைலம் இன்று போடவில்லை. ஜெபக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது, வயிறு சுருண்டு இழுத்தது, செத்தவர்களுக்கு அப்படி இழுக்காது. கதவோரம் எட்டித் தட்டை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். இசக்கியின் கையைத் தட்டின் ஓரத்தில் கொண்டு போய் வைத்து, அவள் உள்ளங்கையில் மெதுவாக எழுதினாள்: எனக்குப் பசிக்கிறது. ஒரு வாய் கொடு.